பேருந்து ஜன்னலில் பார்த்த நடை

"இன்னொரு தடவை" என்றேன்.

குமார் சுவரில் இருந்து கையை எடுத்தார். வலது காலை மடக்கிக்கொண்டு, இடது காலில் மட்டும் நின்று, ஒரு முறை எம்பினார். ஒரு சாண் தூரம்கூட நகரவில்லை. மேலுதட்டில் வியர்வை பொடித்திருந்தது. பாதமும் வியர்த்திருக்க வேண்டும். வராந்தாவின் சிமெண்டுத் தரையில் அவருடைய இடது காலின் விரல்களும் முன்பாதமும் மட்டும் ஈரமாகப் பதிந்திருந்தன. குதிகால் பதியவே இல்லை.

அந்தத் தடம் என் எதிரில்தான் இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. அவர் முகத்தில் பொய் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மேடம், முட்டிக்குள்ள லேசா நமநமங்குது" என்றார்.

"நமநமன்னா?"

"ரத்தம் எறங்கப்போகுதுன்னா எனக்கு இப்படித்தேன் மேடம் இருக்கும்."

"இப்பத்தான ஆரம்பிச்சிருக்கோம். இன்னொரு தடவை. அதுக்கப்புறம் திரும்பவும் படி."

இந்தத் தொடரில் இதுவரை வந்த அத்தியாயங்களைப் படித்துவிட்டு என் தங்கை போனில் கேட்டாள்: "ஏன்க்கா, எல்லா வாரமும் நீயே ஜெயிக்கிற?" சிரித்துச் சமாளித்தேன். ஆனால் சுருக்கென்று இருந்தது. முப்பது வருடம் பிசியோதெரபிஸ்டாக இருந்தவள் தோற்ற கதை ஒன்றுகூடவா இருக்காது? இருக்கிறது. அதை எழுதக்கூடாது என்றுதான் மற்றதை எல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன் போல.

பூஜ்யம் வாங்கினால் கெட்டிக்காரர்

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன்.

ஹீமோபிலியா என்றால், ரத்தம் உறைவதற்கு வேண்டிய ஒரு பொருள் பிறவியிலேயே உடம்பில் குறைவாக இருப்பது. பெரும்பாலும் ஆண்களுக்கு வரும். வெளியே வெட்டுப்பட்டால் ரத்தம் நிற்காது என்பது பலருக்குத் தெரியும். உள்ளே நடப்பது அவ்வளவாகத் தெரியாது. கொஞ்சம் கூடுதலாக நடந்ததற்கே முட்டிக்குள் ரத்தம் கசியும். முட்டி இளநீர்க் காய் மாதிரி வீங்கிவிடும். ஃபேக்டர் என்று ஓர் ஊசி உண்டு. அதைப் போட்டால் கசிவு நிற்கும். ஆனால் ஒவ்வொரு கசிவும் மூட்டின் வழவழப்பைக் கொஞ்சம் அரித்துவிட்டுத்தான் போகும். இருபது முப்பது தடவை ஆன பிறகு அந்த முட்டி முழுசாக நீளாது, முழுசாக மடங்காது.

அந்தச் சேதத்தை அளப்பதுதான் என் வேலை. இரண்டு முழங்கை, இரண்டு முழங்கால், இரண்டு கணுக்கால். நீட்டினால் எத்தனை டிகிரி குறைகிறது என்று பிளாஸ்டிக் கோணமானியை வைத்துப் பார்ப்பேன். முட்டிமேல் உள்ளங்கையை வைத்துக் காலை ஆட்டினால் சிலருக்கு உள்ளே மணல் அரைபடுகிற மாதிரி இருக்கும். அதற்கும் மதிப்பெண் உண்டு. கடைசியாக நடை. நடக்கச் சொல்வோம், படி ஏறச் சொல்வோம், ஓடச் சொல்வோம், ஒற்றைக் காலில் எம்பச் சொல்வோம். சேதம் கூடக் கூட மதிப்பெண்ணும் கூடும். பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிர், இங்கே பூஜ்யம் வாங்கினவர்தான் கெட்டிக்காரர்.

ஒருவரால் எம்ப முடியாது, எம்ப வைப்பது ஆபத்து என்று தோன்றினால், 'செய்யவில்லை' என்று எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போகலாம். படிவத்திலேயே அதற்கு இடம் விட்டிருக்கிறார்கள். எனக்குக் கீழே படித்த பிள்ளைகளுக்கு இதை நானே நூறு தடவை சொல்லியிருக்கிறேன்.

சிஐடி மேடம்

என் கண்ணைப் பற்றி எனக்கு அப்போது ஏகப்பட்ட கர்வம்.

கல்யாண வீட்டில் மாப்பிள்ளை அழைப்பு வரும்போது எல்லோரும் கோட்டு சூட்டைப் பார்ப்பார்கள். நான் இடுப்பைப் பார்ப்பேன். "பையனுக்கு வலது இடுப்புல ஏதோ பழைய அடி இருக்கு" என்று கணவர் காதில் சொல்வேன். "சாப்பிடற வரைக்குமாவது சும்மா இரு" என்பார் அவர். மாசி வீதியில் துணி எடுக்கப் போனால், முன்னால் போகிற ஆளுக்கு எந்தக் கணுக்கால் மடங்காது என்று சொல்லிவிடுவேன். திருவிழாக் கூட்டத்தில்கூட எனக்குச் சாமி தெரியாது, கால்கள்தான் தெரியும்.

இந்தக் கர்வத்துக்கு எண்ணெய் ஊற்றிய சம்பவம் ஒன்று உண்டு. சோழவந்தான் பக்கத்தில் இருந்து ஓர் ஆளை ஒரு புரோக்கர் கூட்டிவந்தான். மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேண்டுமாம். வெற்றிலைக் கொடிக்காலில் விழுந்ததாகச் சொன்னார். வலது காலை இழுத்து இழுத்து நடந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது. "சரி, வெளிய உக்காருங்க, டீ குடிச்சுட்டு வாரேன்" என்று போய், அரை மணி கழித்து வந்து மறுபடி நடக்கச் சொன்னேன். மனுஷன் இந்தத் தடவை இடது காலை இழுத்தார்.

அந்தக் கதை மருத்துவமனை முழுக்கப் பரவிவிட்டது. எலும்பு மருத்துவர்கள் என்னைக் கண்டால் "சிஐடி மேடம் வாராக" என்று வழிவிடுவார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்ன, அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொருவரிடமும் அந்த ஆளைத்தான் தேடினேன். மருத்துவமனையின் பெயர் வேண்டாம். தப்பு என்னுடையது, கட்டடத்துக்கு அதில் பங்கில்லை.

குமார்

குமார் என்பது நான் வைத்த பெயர். அவருக்குச் செல்லூர். விசைத்தறியில் துண்டு நெய்கிற ஒரு சின்னப் பட்டறையில், துண்டுகளை மடித்துக் கட்டி லேபிள் ஒட்டுவார். உட்கார்ந்து செய்கிற வேலை என்பதால் அங்கே இருந்தார். பட்டப்படிப்பு முடித்தவர். வருஷத்தில் பாதி நாள் முட்டி வீங்கிப் படுத்துக்கிடந்தால் எந்த வேலை நிற்கும்?

எனக்கு அவரைப் பல வருடமாகத் தெரியும். ஒரு மோசமான கசிவுக்குப் பிறகு இடது கால் நீளாமல், ஊன்றுகோலோடு என்னிடம் வந்தவர். மாதக்கணக்கில் நடை பழக்கினேன். நான் கத்துகிற கத்துக்குச் சிலர் ஓடிப்போய்விடுவார்கள். அவர் ஓடவில்லை. சொன்னதை அப்படியே வீட்டில் செய்துவிட்டு வருவார். ஊன்றுகோல் இல்லாமல் முதல்முதலாக வராந்தாவின் அந்தக் கோடிவரை போய்த் திரும்பிய அன்று, அவர் மனைவி செல்வி எங்கள் எல்லோருக்கும் பால்பன் வாங்கிக் கொடுத்தார்.

நாற்பதை நெருங்கும் வயதில் குமார் அரசுத் தேர்வு எழுதி, மாற்றுத்திறனாளிகள் ஒதுக்கீட்டில் தேறிவிட்டார். ஓர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை, உடம்பு முடியாத நாளில் லீவு போடலாம். வயது வரம்பு அந்த வருடத்தோடு முடிகிறது. அவருக்கு அதைவிட்டால் வேறு தேர்வு கிடையாது.

ஒரே ஒரு சிக்கல். அவரிடம் இருந்த மாற்றுத்திறனாளி சான்றிதழ் தற்காலிகமானது, காலாவதியாகிவிட்டது. புதுப்பிக்க வேண்டும். மருத்துவக் குழு வியாழக்கிழமைதான் கூடும். அதற்கு முன்னால் என்னிடம் மூட்டு அறிக்கை வாங்க வேண்டும். அடுத்த திங்கட்கிழமை சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பு. குறைபாடு நாற்பது சதவீதத்துக்குக் கீழே போனால் வேலை இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை அவரை வரச் சொல்லியிருந்தேன்.

செல்லூர் சிக்னல்

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை சமயநல்லூரில் ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்திருந்தது. செல்லூர்ப் பக்கம் வந்து வண்டி நெரிசலில் நின்றுவிட்டது. வெயில் தலையைப் பிளந்தது. டிரைவர் ஹாரன்மேல் கையை வைத்துக்கொண்டே இருந்தார்.

எதிர்ப்பக்கத்தில், கடைகளை ஒட்டி, ஓர் ஆள் கையில் டிபன் தூக்கோடு நடந்து வந்தார். நல்ல நடை. முதுகு நிமிர்ந்திருந்தது. தோள் ஒரு பக்கமாகச் சரியவில்லை. இரண்டு காலும் ஒரே தாளத்தில் விழுந்தன. நான் வழக்கம்போல முதலில் காலைத்தான் பார்த்தேன். இந்த ஆளுக்கு ஒரு குறையும் இல்லை என்று நினைத்துக்கொண்டே முகத்தைப் பார்த்தால், குமார்.

எனக்கு முதலில் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சுர்ரென்று கோபம்தான் வந்தது.

போன வருடம் என் வராந்தாவில் இந்த மனுஷர் இடது காலை நுனிப்பாதத்தில் வைத்து, ஒவ்வோர் அடிக்கும் உடம்பு பள்ளத்தில் இறங்கி ஏறுகிற மாதிரித்தான் நடந்தார். நானே அளந்து எழுதியிருக்கிறேன். அப்படியானால் அது என்ன? இது என்ன? சோழவந்தான் ஆள் உடனே ஞாபகத்துக்கு வந்துவிட்டார். எத்தனை வருடம் நம்மை முட்டாளாக்கியிருக்கிறார் என்று நினைத்தேன். முட்டி நீளாது என்பதைக் கோணமானி காட்டியிருந்தது, கோணமானியை யாரும் ஏமாற்ற முடியாது என்பதெல்லாம் அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. என்னை ஏமாற்றிவிட்டார் என்பது மட்டும்தான் தோன்றியது.

பஸ் கிளம்பியது. கழுத்தைத் திருப்பி, அவர் மறைகிறவரை பார்த்தேன்.

மறுபடி வராந்தா

செவ்வாய்க்கிழமை குமார் சரியான நேரத்துக்கு வந்தார். செல்வி கூட வந்து, வாசலுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். எங்கள் பிரிவில் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் இருந்தே அப்படித்தான். பாய் விரித்துப் பயிற்சி செய்கிற இடம், மண் வரக்கூடாது. நடையைச் சோதிப்பதும் வெறுங்காலில்தான்.

அன்றைக்கு அவர் நடந்த நடை, போன வருடத்தைவிட மோசமாக இருந்தது. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. வெள்ளிக்கிழமை ராஜநடை, செவ்வாய்க்கிழமை இப்படியா? இருப்பா, இன்றைக்கு மாட்டினாய் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கோணமானியை எடுத்தேன். இடது முட்டி நீட்டுவதில் போன தடவை இருந்ததைவிடக் குறைந்திருந்தது. தொட்டால் லேசான சூடு. அதைக் குறித்தேன். குறித்துவிட்டு, அது ஏன் என்று கேட்கவில்லை.

வராந்தாவில் ஐந்து தடவை நடக்கவிட்டேன். இரண்டு தடவை போதும். நடுவில் போனில் பேசுவதுபோல் திரும்பிக்கொண்டு, கண்ணாடிக் கதவில் அவரைக் கவனித்தேன். அசந்தால் நேராக நடப்பார் என்று நினைப்பு. அவர் நேராக நடக்கவில்லை. படி ஏறச் சொன்னேன். ஏறி இறங்கினார், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. "கைப்பிடி இல்லாம" என்றேன். அப்படியும் ஏறினார்.

அப்புறம்தான் ஒற்றைக் கால்.

"எடது கால்ல எம்ப முடியாது மேடம். போன தடவையும் நீங்க வேணாம்னு விட்டுட்டீக" என்றார்.

"இப்பப் புது ரூல்" என்றேன்.

அப்படி ஒரு ரூல் இல்லை.

முதல் தடவை எம்பினார். இரண்டாவது தடவை எம்பியபோதுதான் நமநமங்குது என்றார். முட்டிக்குள் கசிவு தொடங்குவதை இவர்கள் வீக்கம் வருவதற்கு முன்பே உணர்ந்துவிடுவார்கள். சிலர் நமநம என்பார்கள், சிலர் எறும்பு ஊர்கிறது என்பார்கள், சிலர் வெந்நீர் ஊற்றின மாதிரி என்பார்கள். எங்களுடைய எந்த மெஷினும் அதைக் கண்டுபிடிப்பதில்லை. அவர்கள் அப்படிச் சொன்னால் அந்த நிமிடமே எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். பாடமாக எடுத்திருக்கிறேன்.

மூன்றாவது தடவை எம்பினார். நான் சொன்னேன் என்பதற்காக எம்பினார்.

பிறகு படியை நோக்கி நடந்தார். முதல் படியில் கால் வைத்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சத்தம் போடவில்லை. இடது தொடையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டார். நான் குனிந்து பேண்ட்டை மடக்கிப் பார்த்தேன். என் கண் முன்னாலேயே முட்டியின் பள்ளங்கள் மறைந்துகொண்டிருந்தன.

"செல்விகிட்டச் சொல்லாதீங்க மேடம், அழுவா" என்றார்.

வாசலில்

ஸ்ட்ரெச்சர் வந்தது. ஐஸ் வைத்து, காலைப் பலகையில் கட்டி, ஊசி போட எடுத்துப் போனார்கள். செல்வி பின்னால் ஓடினார். நானும் கிளம்பினேன். வாசலில் ஒரு ஜோடி ஆண் செருப்பு மட்டும் கிடந்தது. வார்டில் கொடுத்துவிடலாம் என்று குனிந்து எடுத்தேன்.

ஒரு செருப்பு கனமாக இருந்தது.

திருப்பிப் பார்த்தேன். இடது செருப்பின் குதிகால் பக்கத்தில் டயர் ரப்பரை மூன்று அடுக்காக வெட்டி, ஒட்டி, ஆணி அடித்திருந்தது. ஓரத்தைச் சீவி, வெளியே தெரியாமல் இருக்கக் கறுப்புச் சாயமும் பூசியிருந்தார்கள். யாரோ செருப்புத் தைக்கிறவர் நன்றாக யோசித்துச் செய்த வேலை. மடங்கி நிற்கிற முட்டியால் கால் எவ்வளவு குட்டையாகிறதோ, அவ்வளவு உயரம். அந்தச் செருப்பைப் போட்டால் குதிகால் ஊன்றும், இடுப்பு நேராகும், தோள் சரியாது. கழற்றினால் நுனிப்பாதம்.

செல்லூரில் நான் பார்த்தது செருப்புப் போட்ட நடை. என் வராந்தாவில் பார்த்தது வெறுங்கால் நடை. இரண்டிலும் பொய் இல்லை.

முப்பது வருடத்தில் எத்தனையோ ஆயிரம் கால்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவருடைய செருப்பைக்கூடக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. கழற்றிவிட்டு வா, கழற்றிவிட்டு வா என்று சொல்லியே, அவர்கள் வெளியே எப்படி நடக்கிறார்கள் என்பதை வாசலிலேயே விட்டுவிடச் செய்திருக்கிறேன். 'தெருவுல எப்படிப்பா நடக்கிற?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார். பெருமையாகக்கூடச் சொல்லியிருப்பார்.

செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. பெருக்க வந்த அம்மா "யார் செருப்பு மேடம்?" என்று கேட்டதும்தான் நகர்ந்தேன்.

"நாந்தேன் வேகமா ஏறிட்டேன்"

வார்டில் இளம் டாக்டர் ஒருவர் நின்றிருந்தார். நல்ல பெண். "எப்படி மேடம் ஆச்சு?" என்று கேட்டார்.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் கிடைத்தது. குமார் கட்டிலில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்வி அவர் தலைமாட்டில் நின்றார்.

"படி ஏறுறப்ப ஆகிருச்சு டாக்டர்" என்றேன்.

ஒற்றைக் கால் என்று சொல்லவில்லை. மூன்று தடவை என்று சொல்லவில்லை. அவர் முன்னாலேயே சொன்னார், நான் கேட்கவில்லை என்று சொல்லவில்லை.

"ஆமா டாக்டர்" என்றார் குமார். "நாந்தேன் கொஞ்சம் வேகமா ஏறிட்டேன். மேடம் மெதுவாத்தேன் ஏறச் சொன்னாக."

எனக்காகப் பொய் சொன்னார். எதற்காக என்னை மாட்டிவிட வேண்டும் என்று நினைத்திருக்கலாம். நாளைக்கும் என்னிடம்தானே வர வேண்டும் என்றும் நினைத்திருக்கலாம். இரண்டாவதுதான் காரணம் என்றால் அது இன்னும் கேவலம், எனக்கு.

அறைக்குத் திரும்பி வந்து படிவத்தைப் பார்த்தேன். காலையில், அவர் வருவதற்கு முன்னாலேயே, ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். 'நடை நம்பத்தக்கதாக இல்லை.' ஆளைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிய தீர்ப்பு. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதுத் தாளில் எழுதினேன். கிழித்த தாளைக் குப்பைக்கூடையில் போடப் பயந்து கைப்பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். இதுநாள்வரை இதை என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

வியாழக்கிழமை குழு கூடியபோது குமார் காலை அசைக்க முடியாமல் படுத்திருந்தார். தலைவரிடம் போய், வார்டுக்கே வந்து பார்க்க முடியுமா என்று கெஞ்சினேன். கசிவு இருக்கும்போது மூட்டை மதிப்பிடக்கூடாது, வீக்கம் வற்றட்டும் என்றார். அவர் சொன்னது சரிதான். அந்த விதியையும் நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை சென்னையில் குமார் பெயரைக் கூப்பிட்டிருப்பார்கள். செல்வியின் தம்பி மருத்துவச் சீட்டை எடுத்துக்கொண்டு ரயில் ஏறிப் போனான். ஆளும் வேண்டும், சான்றிதழும் வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மனு போட்டார்கள். பதில் வருவதற்குள் அந்த இடத்துக்கு அடுத்த ஆள் வந்துவிட்டார்.

தறிச் சத்தத்துக்கு நடுவில்

சான்றிதழ் பிற்பாடு வந்தது. ஐம்பது சதவீதத்துக்கு மேல். சான்றிதழ் இருந்தது, வேலைதான் இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். பஸ்ஸில் போகும்போது வார்த்தைகளைக்கூட அடுக்கி வைத்திருந்தேன்.

செல்லூரில் ஒரு முடுக்கு. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் ஓடுமா என்று கேட்டேன். அதற்கு ஏது ஞாயிறு என்றார் செல்வி. ஒரே அறை. குமார் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் துண்டுகள். வீட்டிலேயே மடித்துக் கொடுக்கிறாராம். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். முட்டி நீளுவது மறுபடி பத்து டிகிரி குறைந்திருப்பது பார்த்த உடனே தெரிந்தது.

"உக்காருங்க குமார்" என்றேன். அதற்கு முன்னால் அவரை நான் 'ங்க' போட்டுக் கூப்பிட்டதே இல்லை. அவருக்கே கூச்சமாகிவிட்டது.

செல்வி குடிக்கக் கலர் வாங்கிவரக் கிளம்பினார். வேண்டாம் என்று தடுத்து உட்காரவைத்தேன். தறிச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினேன்.

"குமார், அன்னைக்கு நடந்ததுல..." என்று ஆரம்பித்தேன்.

"அத விடுங்க மேடம்" என்றார் அவர். "எம்மேலதேன் தப்பு. முட்டி ஏற்கனவே லேசா சரியில்லாமத்தேன் வந்தேன். சொல்லியிருக்கணும். சொன்னா டெஸ்ட்ட தள்ளிப் போட்ருவீகளோன்னு பயம்."

"எப்படிச் சரியில்லாமப் போச்சுன்னு கேளுங்க" என்றார் செல்வி. "இவுக பண்ணுன கூத்த கேளுங்க மேடம்."

"ஏய், சும்மா இரு."

"நான் சொல்லுவேன். அதுக்கு முன்னாடி வெள்ளிக்கெழம, கடத்தெருவுல வந்துக்கிட்டிருந்தாராம். பஸ்ல நீங்க ஒக்காந்திருந்தீகளாம். ஒங்களப் பாத்ததும் தொரைக்குத் தலைகால் புரியல. மேடம் பாக்காகன்னு நெஞ்ச நிமித்திக்கிட்டு, நீங்க சொல்லிக் குடுத்தது மாதிரியே ஒவ்வொரு காலா ஊண்டி நடந்தாராம். பஸ் எடுக்கிற வரைக்கும். வீட்டுக்கு வந்து ஒரே பெரும. 'மேடம் பாத்தாக, மேடம் பாத்தாக. இன்னைக்கு நெசமாவே சந்தோசப்பட்ருப்பாக'ன்னு. சாயங்காலம் பாத்தா முட்டி சுடுது. சனி, ஞாயிறு ரெண்டு நாளும் ஐஸ் வச்சுக்கிட்டுக் கெடந்தாரு. கேட்டா சிரிக்கிறாரு!"

குமார் துண்டின் ஓரத்தை நீவிக்கொண்டே, சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"டெஸ்ட் அன்னைக்கே கேக்கணும்னுதேன் வந்தேன். நீங்க வேலையா இருந்தீக" என்றார். "பாத்தீகளா மேடம்?"

பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், செல்வி கெட்டிக்காரி, அடுத்த கேள்வி அவரிடம் இருந்து வரும். அம்புட்டு நல்லா நடந்தவரு செவ்வாக்கெழம அப்படி நொண்டுனாரே, ஏன்னு கேக்கலயா மேடம்? அதற்கு ஒரே ஒரு பதில்தான் என்னிடம் இருந்தது.

"இல்லப்பா" என்றேன். "நான் கவனிக்கல."

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று.

"அப்படியா" என்றார். "பஸ்ல கூட்டமா இருந்துருக்கும்."

"நாந்தேன் அப்பவே சொன்னேன்ல" என்றார் செல்வி, "மேடம் எங்கிட்டுப் பாத்திருக்கப் போறாகன்னு."

குமார் மறுபடி துண்டை மடிக்க ஆரம்பித்தார். நான் இன்னும் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்து, பயிற்சி பற்றி என்னவோ சொல்லிவிட்டு, "வாரேன்" என்று எழுந்து வந்துவிட்டேன். அவருடைய வேலையைப் பறித்தது போதாது என்று, அந்த வெள்ளிக்கிழமையில் அவருக்கு மிச்சம் இருந்த ஒரே சந்தோஷத்தையும் என்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காகப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

நேரில் போய்ச் சொல்ல வேண்டியதை இப்படிப் பத்திரிகையில் எழுதுவதும் கோழைத்தனம்தான். தெரிந்தேதான் எழுதுகிறேன். இந்த இதழ் செல்லூரில், அவர் முடுக்குக்கு எதிரே இருக்கிற பெட்டிக்கடையில் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். பெயர் மாற்றியிருந்தாலும், படித்தால் அவருக்குத் தெரியும்.

பார்த்தேன், குமார். பஸ் கிளம்பி நீங்கள் மறைகிறவரை பார்த்தேன். நன்றாக நடந்தீர்கள்.